நிலாவெளியில் ஆறு வயதுப் பிள்ளையோடு ஸ்நோர்க்கலிங்: படகுக்கு முழுப் புள்ளி, வாடகைக் கண்ணாடிக்குப் பாதி கூட இல்லை

சின்னப் பிள்ளையைத் திருகோணமலை நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக் கடலுக்குள் மீன் காட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் காட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முகக் கண்ணாடியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். படகுக்காரரைக் கரையில் நின்று கதைத்துப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மீனும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) எல்லாருக்கும் ஒன்றுதான். பிள்ளை சிரித்துக்கொண்டு கரையேறுவதும் அழுதுகொண்டு ஏறுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

நாங்கள் வவுனியா. ஆகஸ்ட் விடுமுறைக்கு உப்புவெளியில் மச்சாள் வீட்டில் நின்றோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, நன்றாக நீந்துவான், அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மகளுக்கு ஆறு. மிதக்கத் தெரியும், ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஆகவே இந்த விமர்சனம் முழுக்க அவளுடைய பக்கத்திலிருந்துதான்.

முதலில் வாடகைச் சாமான். நிலாவெளிக் கரையில் ஸ்நோர்க்கல் சாமான் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு கடையில் இருந்தது எல்லாம் பெரியவர்களின் அளவு. "பட்டியை இறுக்கிவிட்டால் சரி அக்கா, எல்லாப் பிள்ளையளும் இதைத்தான் போடுறவை" என்றார் கடைத் தம்பி. அது சரிவராது. கண்ணாடியைச் சுற்றியுள்ள சிலிக்கான் விளிம்பு முகத்தின் தசையில் எல்லாப் பக்கமும் ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. பெரியவரின் கண்ணாடி பிள்ளையின் முகத்தில் மூக்குக்குக் கீழே உதட்டில் போய் நிற்கும், இரண்டு கன்னப் பக்கமும் இடைவெளி விடும். பட்டியை இறுக்க இறுக்க விளிம்பு நெளிந்து இன்னும் கூடுதலாகத் தண்ணீர் விடும். முதல் நிமிடத்திலேயே மூக்குக்குள் உப்புத்தண்ணீர் போன பிள்ளை அந்த விடுமுறை முழுக்கத் திரும்பக் கடலுக்குள் முகம் வைக்காது.

பிறகு முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினார். பார்க்க வடிவு, வாயில் குழாய் கடிக்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்குப் பார்த்தவுடன் பிடிக்கும். நான் வேண்டாம் என்றேன். அதற்குள் தண்ணீர் வந்தால் பிள்ளையால் சட்டென்று வாயிலிருந்து துப்பிவிட முடியாது, முழு மாஸ்க்கையும் கழற்ற வேண்டும். வால்வு பழுதாகியிருந்தாலோ முகத்துக்கு அளவில்லாமல் இருந்தாலோ விட்ட மூச்சே உள்ளே தேங்கித் திரும்ப இழுபடும். சின்ன நெஞ்சுக்கு அது கூடாது. யாரோ பயன்படுத்தி வைத்த, வால்வு எப்படி இருக்கிறதென்று தெரியாத மாஸ்க் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

நாங்கள் கொழும்பில் வாங்கிய பிள்ளை அளவுக் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தோம். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உள்ளிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் எவ்வளவு விலை குறைவென்றாலும் விட்டுவிடுங்கள். விளிம்பு சிலிக்கானாக இருக்க வேண்டும். விறைத்த பிளாஸ்டிக் கூடாது. நெற்றி மயிர் ஒன்றிரண்டு விளிம்புக்குள் மாட்டினாலே கசியும், ஆகவே பெண்பிள்ளைகளுக்குத் தலையை இறுக்கப் பின்னிவிடுங்கள். புதுக் கண்ணாடியின் உட்பக்கத்தில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் தண்ணீருக்குள் புகை பிடித்தமாதிரி மங்கிவிடும்.

குழாயும் அப்படித்தான். பிள்ளைக்குக் கட்டையான, ஒடுங்கிய குழாய் வேண்டும். நீளக் குழாயில் விட்ட மூச்சின் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த மூச்சில் அதுவே திரும்ப உள்ளே போகும். பெரியவர்களின் கடிவாய் சின்ன வாய்க்குள் போனால் ஓங்காளம் வரும். எங்களுடைய குழாயின் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன வால்வு இருந்தது, காசு கொஞ்சம் கூட என்றாலும் அது பெறுமதி. குழாய்க்குள் தண்ணீர் வந்தால் "தூ!" என்று பலமாகக் கத்தச் சொல்லிக் கொடுத்தோம். ஊது என்றால் பிள்ளை மெதுவாக ஊதும், "தூ" என்றால் முழு நெஞ்சும் சேர்ந்து வரும்.

பழக்கியது கடலில் இல்லை, மச்சாள் வீட்டுக் கிணற்றடியில். பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி அப்பம்மா தன்னுடைய காப்பையும் சில்லறைக் காசையும் உள்ளே போட்டார். கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு முகத்தை வைத்து எண்ணிச் சொல்ல வேண்டும். அப்பம்மாவின் காப்பு தண்ணீருக்குள் பெரிதாகத் தெரிகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். கண்ணாடி வழியே பார்க்கும்போது தண்ணீருக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டவாகவும் தெரியும். இதைப் பிள்ளை பேசினிலேயே தெரிந்துகொண்டது பிறகு மிகவும் உதவியது, ஏனென்றால் கடலில் முதலில் வந்த மீன் கைக்கெட்டும் தூரத்தில் பூதம்போலத் தெரிந்திருக்கும். குழாயை அடுத்த கட்டமாக உப்புவெளிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் கொடுத்தோம், என் கைகளில் படுத்தபடி.

இனிப் படகு. இதற்குத்தான் நான் முழுப் புள்ளி கொடுக்கிறேன். கரையில் பலர் வந்து கூப்பிடுவார்கள். நான் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "பிள்ளைக்கு ஏலாவிட்டால் என்ன செய்வீங்கள்?" பலர் "ஒண்டும் நடக்காது, பயப்படாதேங்கோ" என்றார்கள். வயது போன அண்ணை ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளை வேண்டாமெண்டால் திரும்புவம். கடல் இஞ்சதான் கிடக்கும்." அவருடைய படகில்தான் போனோம். "காலமை வெள்ளன வாங்கோ, வெயில் ஏறக் காத்தும் ஏறும், கடல் கலங்கும்" என்று நேரத்தையும் அவரே சொன்னார். தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், அவுட்போர்ட் இயந்திரத்தில் கொஞ்ச நேர ஓட்டம். ஆனாலும் பிள்ளை அளவு லைஃப் ஜாக்கெட்டைத் தானே கட்டி, கொளுவிகளை இழுத்துப் பார்த்த பிறகே இயந்திரத்தை இயக்கினார்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகில் அது கட்டாயம், அதில் பேச்சே இல்லை. ஆனால் தடித்த நுரை ஜாக்கெட் ஆளை முகம் மேலே இருக்கும்படி மிதக்க வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துப் பார்க்கப் போனால் கழுத்துப் பக்கம் காதுவரை ஏறி, பிள்ளையை மல்லாக்கத் திருப்பப் பார்க்கும். மகள் அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள். அண்ணை ஒன்றும் சொல்லாமல் கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, "பிள்ளை இதைப் பிடிச்சுக்கொண்டு கீழ பாருங்கோ, நான் மெல்லமா இழுக்கிறன்" என்றார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகன். அதன்பிறகு எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. ஊதிக் காற்றைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மெல்லிய ஸ்நோர்க்கல் வெஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, அந்தக் கரையில் நான் ஒன்றும் காணவில்லை.

தண்ணீருக்குள் அவளுக்கு முதலில் கிடைத்தது காட்சி இல்லை, சத்தம். கிளிமீன் முருகைக்கல்லைக் கொரிக்கிற சத்தம். தண்ணீருக்குள் காதை வைத்தால் "கறுக் கறுக்" என்று தெளிவாகக் கேட்கும். தலையை எடுத்து, "அம்மா, ஆரோ முறுக்குத் தின்னினம்" என்றாள். அந்த மீன் கொரித்த கல்லைப் பிறகு மணலாகக் கழிக்கும் என்று அண்ணை சொன்னதும் அவளுக்கு வந்த சிரிப்பில் குழாய் கழன்றுவிட்டது. "தூ" என்று கத்திவிட்டுத் திரும்ப முகத்தை வைத்தாள். வரி வரியாகக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாகக் கிட்ட வந்தன, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடியாகப் போயின. மான்கொம்பு மாதிரிக் கிளைத்த முருகைக்கல்லுக்குள் நீலச் சின்ன மீன்கள் ஒளிப்பதும் வருவதுமாக இருந்தன. கையைத் தலையில் வைத்தால் வெளியே வர வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அவள் கையை வைக்கவே இல்லை. உதடு நீலம் பாரித்ததைக் கண்டு நான்தான் வெளியே எடுத்தேன். எவ்வளவு சூடான கடல் என்றாலும் சின்ன உடம்பு கெதியாகக் குளிர்ந்துபோகும். துவாயும் போத்தலில் சூடான பிளேன்ரீயும் கொண்டுபோயிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சுறாப் பக்கத்துக்கு அவளைக் கொண்டுபோகவில்லை. செட்டை நுனி கறுத்த அந்தச் சுறாக்கள் சாதாரணமாக ஆளைச் சீண்டாதவை, மகனும் என் கணவரும் பாறைப் பக்கம் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆனால் அங்கே ஆழமும் அலையும் கூட, முதல் தடவைக்கு அது தேவையில்லை.

என் மனதை வருத்தியது படகோ கடலோ இல்லை, ஆட்கள். இந்த இடம் 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் இலங்கையின் வேறு கரைகளில் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதன் மேலேதான் இன்றைக்கு ஆட்கள் ஏறி நிற்கிறார்கள். களைத்தவுடன் காலை ஊன்றுகிறார்கள், ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி உடைகிறது. கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள், பிள்ளைக்குச் சப்பாத்து இல்லாமல் நடக்க முடியாது. அண்ணை தன் படகில் வந்த எல்லாருக்கும் இறங்க முதலே "களைச்சால் வளையத்தைப் பிடியுங்கோ, கல்லில காலை வைக்காதேங்கோ" என்று சொன்னார். மகளும் மற்றப் படகில் வந்த ஒரு மாமாவிடம் அதையே போய்ச் சொன்னாள். அவர் காலை எடுத்தார்.

காசு விசயம்: பூங்கா நுழைவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் சீட்டு தனி, படகு தனி, சாமான் வாடகை தனி. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்குச் சீட்டு பல மடங்கு கூட, அதை முன்பே சொல்லி வையுங்கள். போயா நாளும் (பூரணை விடுமுறை) சனி ஞாயிறும் தவிருங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் இந்தக் கரையில் கடல் அமைதி, வாடைக்காற்று தொடங்கினால் பிள்ளைகளோடு போக வேண்டாம். சன்ஸ்கிரீனைப் பூசிக் கடலில் கரைப்பதை விட நீளக் கை நீச்சல் சட்டை நல்லது, முதுகும் பின்கழுத்தும் தப்பும்.

நிலாவெளிக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கேட்டல் இருக்கிறது. பிள்ளை அளவுக் கண்ணாடி நாலைந்தும் கட்டைக் குழாய் நாலைந்தும் வாங்கி வையுங்கள். விடுமுறைக் காலத்தில் உங்கள் வாசலில் நிற்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சின்னது இருக்கிறது. வாடகையைக் கூட்டிக் கேட்டாலும் தாய்மார் கொடுப்பார்கள், நானும் கொடுப்பேன்.