ஊசி குத்தாமல் கிட்னித் தழும்பு பார்க்கும் ஸ்கேன்: 9,500 ரூபாய் கொடுத்துப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு ஐந்துக்கு நாலரை, ரிப்போர்ட்டுக்கு இரண்டு, விளம்பர நோட்டீஸுக்கு அரை ஸ்டார் கூடக் கிடையாது. சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டர், பெயர் வேண்டாம்.

ஆபீஸ் மாஸ்டர் செக்கப்பில் எனக்கு கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றவேண்டிய ரத்தக் கழிவு) 1.9 வந்தது, இருக்கவேண்டியதைவிட அதிகம். வயது 36, சுகர் இல்லை, பிபி மட்டும் 150/100. யூரின் நுரை நுரையாகப் போனதை நான் பல மாதமாக டாய்லெட் கிளீனர் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது புரோட்டீன் ஒழுகுவதாம். ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், 46தான் என்று கணக்குப் போட்ட கிட்னி டாக்டர் பயாப்ஸி, அதாவது கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட், எடுத்துவிடலாம் என்றார். முதுகு வழியாக ஊசி என்றதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார்: 'பயாப்ஸி வேண்டாம், ஊசி வேண்டாம், கிட்னியில் தழும்பு எவ்வளவு என்று எம்ஆர்ஐயில் தெரிந்துகொள்ளுங்கள்.' டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புக் பண்ணினேன்.

போனில் பேசிய ரிசப்ஷன் பெண் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அல்ட்ராசவுண்ட் பழக்கம் போல. நானும் குடித்துவிட்டு, யூரினை அடக்கிக்கொண்டு மெஷினுக்குள் 45 நிமிஷம் கிடந்தேன். தண்ணீர் குடித்தால் கிட்னிக்குள் ஆக்சிஜன் அளவு காட்டும் எண்ணே மாறிவிடும் என்று உள்ளே இருந்த டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் எல்லாம் முடிந்து நான் பாத்ரூமுக்கு ஓடும்போது.

ஆனால் அந்த டெக்னீஷியன் தங்கமான மனிதர். 3 டெஸ்லா (காந்தத்தின் பலம்) மெஷின், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், காதுக்கு அடைப்பு. மூச்சு விடும்போது கிட்னி மேலும் கீழும் நகரும் என்பதால் 'இழுங்க சார், விடுங்க, அப்படியே அடக்குங்க' என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். நான் சொதப்பிய இரண்டை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்தார். படம் பளிச்சென்று தெரியப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசி எதுவும் போடவில்லை. கிட்னி ரொம்ப மோசமானவர்களுக்குப் பழைய வகை கடோலினியம் காண்ட்ராஸ்ட் மருந்து போட்டுத் தோல் கட்டையாக இறுகிப்போன கதை ஒன்று உண்டு, 2006இல்தான் அந்த மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. இருந்தாலும் மருந்தே இல்லாமல் முடிந்தது நிம்மதிதான்.

சரி, உள்ளே என்னதான் அளக்கிறார்கள்? மூன்று விஷயம் எடுத்தார்கள். ஒன்று டிஃப்யூஷன். திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்ப்பது. கிட்னிக் குழாய்களுக்கு நடுவே கொலாஜன் நார் படிந்து தழும்பானால் நகர இடம் குறையும், ஏடிசி என்ற எண் இறங்கும். அடுத்தது டி1 மேப்பிங். மெஷின் கலைத்துவிட்ட திசு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்தான் டி1. நல்ல கிட்னியில் வெளிப்பகுதிக்கும் உள்பகுதிக்கும் டி1 நேரத்தில் தெளிவான வித்தியாசம் இருக்கும், நோய் முற்ற முற்ற அந்த வித்தியாசம் மங்கும். மூன்றாவதுதான் நான் தண்ணீர் குடித்துக் கெடுத்த போல்டு. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும், அதை வைத்து எந்த இடம் மூச்சுத் திணறுகிறது என்று பார்ப்பது. ஈரலுக்குச் செய்வது போல அதிரவைத்து விறைப்பைப் பார்க்கும் எலாஸ்டோகிராபி இங்கே கிடையாதா என்று கேட்டேன். கிட்னிக்கு அது சரிவராது சார் என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தழும்பு கிட்னியை விறைப்பாக்கும், ஆனால் கூடவே ரத்த ஓட்டமும் குறைவதால் அது தளரும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டால் வரும் எண்ணை வைத்து என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட். கலர் கலராக நாலு படம், அழகுக்குக் குறைவில்லை. கீழே ஏடிசி இவ்வளவு, டி1 இவ்வளவு, 'தழும்பு இருக்க வாய்ப்பு'. அவ்வளவுதான். நார்மல் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. கேட்டால், மெஷினுக்கு மெஷின் எண் மாறும், ஒப்பிடுவதற்கு நார்மல் ஆட்களை நாங்கள் ஸ்கேன் எடுத்து வைக்கவில்லை என்கிறார்கள். அதை நோட்டீஸில் போட்டிருக்கலாமே ஐயா!

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே கொண்டுபோய்க் காட்டினேன். திட்டவில்லை. ஜெனீவாவில் ஒரு குழு டிஃப்யூஷன் எண்ணையும் பயாப்ஸியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நல்ல பொருத்தம் பார்த்திருக்கிறது, ஐரோப்பாவில் பல நாட்டு ஆட்கள் கூடி எல்லாரும் ஒரே மாதிரி ஸ்கேன் எடுக்க 2020இல் விதிமுறை எழுதினார்கள், இது உருப்படியான விஷயம்தான் என்றார். அப்புறம் சொன்னார்: "காயம் இருக்குன்னு படம் சொல்லுது தம்பி. யாரு அடிச்சதுன்னு சொல்லலையே. வீக்கம் இருந்தாலும் டி1 ஏறும், தழும்பு இருந்தாலும் ஏறும். நான் எதுக்கு மருந்து கொடுக்க?"

பயாப்ஸிக்கே போனேன். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை ஸ்டேப்ளர் மாதிரி டக், டக். அதற்குப் பிறகு அன்று முழுக்க மல்லாந்து படுத்திருந்ததுதான் கொடுமை. முடிவு ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னி வடிகட்டிகளில் படிந்து கெடுக்கும் நோய். அந்த ரிப்போர்ட்டிலும் டி1 என்று இருந்ததைப் பார்த்து நான் ஸ்கேனோடு முடிச்சுப் போட்டுக் குழம்பினேன். அது வேற டி1 தம்பி என்று சிரித்தார். இந்த நோயின் பயாப்ஸிக்கு மார்க் போடும் ஆக்ஸ்போர்டு வகைப்பாட்டில் தழும்பு 26இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் டி1, எனக்கு 30. இப்போது பிபிக்கும் புரோட்டீன் ஒழுகலுக்கும் டெல்மிசார்டன், கிட்னியைக் காக்க டபாக்லிஃப்ளோசின், உப்பு குறைத்த சாம்பார்.

அப்போ ஸ்கேன் வேஸ்ட்டா என்றால், அப்படியும் சொல்ல மனசு வரவில்லை. ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, என் பயாப்ஸியில் மாட்டியது 14. ஊசி போன இடத்தில் தழும்பு அதிகமா குறைவா என்பது ஓரளவு அதிர்ஷ்டம். ஸ்கேன் இரண்டு கிட்னியையும் முழுசாகப் பார்க்கிறது, வருஷா வருஷம் எடுக்கலாம், ஊசியை அப்படிக் குத்திக்கொண்டிருக்க முடியாது. ஆனால் திரும்ப எடுத்தால் அதே மெஷின், அதே செட்டிங் என்றால்தான் போன வருஷ எண்ணோடு ஒப்பிட முடியும். பயாப்ஸிக்குப் பதிலாக என்று விற்காமல், பயாப்ஸிக்குப் பிறகு கூடவே வைத்துக்கொள்ள என்று விற்றிருந்தால் நான் கூடுதலாக இரண்டு ஸ்டார் கொடுத்திருப்பேன்.

போகிறவர்கள் புக் பண்ணும்போதே தண்ணீர் விஷயத்தை ரிசப்ஷனில் கேட்காமல் ஸ்கேன் எடுப்பவரிடமே கேளுங்கள். பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், சிடி கேளுங்கள். 300 ரூபாய் தனி என்பார்கள், கொடுத்துவிடுங்கள். மாமாவுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.