ஸ்டீல் டேங்க்: மூன்று கோடைகளுக்குப் பிறகு

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவத் தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கழுவும் டேங்கை ஸ்டீலில் வாங்கலாமா, பிளாஸ்டிக்கே போதுமா என்று கேட்டார். மதுரையில் மூன்று கோடைகளாக இரண்டு ரீல் (ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சட்டம்) போகும் ஸ்டீல் டேங்கோடு குடித்தனம் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இருட்டில் ரீலில் சுற்றப் பழகும் பாட்டையும் மூடியோரக் கசிவையும் பலர் சொல்லியிருக்கிறார்கள். என் வழக்கு முழுவதும் சூட்டைப் பற்றியது.

கழுவும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை வைத்தே தரப்படுகின்றன. சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரோ விடியற்காலையிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே 24 டிகிரியில் கழுவுகிறேன். ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை டி-76 டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்), ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால், 20 டிகிரியில் 11 நிமிடம் ஆவது 24 டிகிரியில் ஏறத்தாழ 8 நிமிடமாகிறது. இன்னும் சூடேறி நேரம் 5 நிமிடத்துக்குள் வந்துவிட்டால், ஊற்றுவதில் நேரும் சிறு தாமதம்கூடப் படத்தின் வானப் பகுதியில் திட்டுத் திட்டாகத் தெரியும். கலவைக் கணக்கு எளிது: அலமாரியில் 33 டிகிரியில் இருக்கும், தண்ணீர் கலக்காத டெவலப்பரோடு, ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டு 15 டிகிரிக்குக் கொண்டுவந்த நீரைச் சம அளவு சேர்த்தால் 24.

அந்த 24 நிற்காது என்பதுதான் தலைவலி. உள்ளங்கைச் சூட்டை ஸ்டீல் அப்படியே உள்ளே கடத்திவிடுகிறது. நெகட்டிவ்கள் அடர்த்தியாக வந்தபோதெல்லாம் கேமராவின் மீட்டரைத் திட்டியே ஒரு கோடையைக் கழித்தேன். பிறகு ஒருநாள் வடித்த டெவலப்பரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 27 காட்டியது; சூடு கூடியதால் டெவலப்பர் அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது. இப்போது அன்னக்கூடையில் 23 டிகிரித் தண்ணீர் நிரப்பி, டேங்கைக் கழுத்தளவு அமிழ்த்தி, நிமிடத்துக்குப் பத்து நொடி மட்டும் ஈரத்துணி சுற்றிக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன். முடிவில் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இருப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால், என்னைக் கெடுத்த அதே குணம்தான் இங்கே கைகொடுக்கிறது. கலவை 26 டிகிரியில் நின்றால், டேங்கைப் பனிக்கட்டித் தண்ணீரில் சற்று நேரம் வைத்துச் சுழற்றினாலே 24க்கு இறங்கிவிடும்; பிளாஸ்டிக்கில் காத்திருந்தே பொழுது போய்விடும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் பாட்டில்களும் அதே அன்னக்கூடையில்தான் நிற்கின்றன. சூடு திடீரென்று மாறினால் ஃபிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு சுருங்கும் என்ற பழைய அச்சம் இன்றைய ஃபிலிம்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்றாலும், அலசும் நீரையும் 5 டிகிரி வேறுபாட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். ஃபிக்ஸருக்குப் பின் மூன்று முறை நீர் மாற்றி, முறையே 5, 10, 20 தடவை கவிழ்த்து அலசும் முறைக்கு ஒன்றரை லிட்டரே போதும். அவ்வளவு தண்ணீரைக் குளிர வைப்பது பெரிய வேலையில்லை.

ஆனால் கரைசலை ஊற்றவும் வடிக்கவும் திறக்கும் அந்தச் சிறு மூடி! குளிர்ந்த தண்ணீரில் இருந்து எடுத்தால் சில நாள் இறுகிக்கொள்கிறது. போன மாதம் 8 நிமிடம் முடிந்து மணி அடித்த பிறகும் அது அசையவில்லை. உள்ளே டெவலப்பர் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்க, அரும்பாடுபட்டுக் குளிர வைத்த டேங்கைக் கொதிக்கும் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்து, நாற்பது நொடி போராடித்தான் திறந்தேன். என் அத்தையின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அவை; டெவலப்பர் அதிகம் வேலை செய்ததில் வெள்ளை வேட்டிகளில் ஒரு மடிப்புக்கூடத் தெரியவில்லை.

நண்பருக்கு என் பதில்: பிளாஸ்டிக் வாங்குங்கள். என்னுடையதைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ரோல் காத்திருக்கிறது.