துடுப்பா, அழுத்தமா, காங் மணியா: ஸ்பிரிங்க்ளர் நீரோட்ட அலாரம் பற்றிய ஓர் ஒப்பீடு

தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டதைக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அறிவிக்க மூன்று சாதனங்கள் உள்ளன. குழாய்க்குள் துடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளோ சுவிட்ச் ஒன்று. தண்ணீர் ஓடினால் மூடி தூக்கிக்கொள்ளும் அலாரம் வால்வின் பக்கக் குழாயில் பொருத்தும் பிரஷர் சுவிட்ச் இன்னொன்று. மின்சாரமே இல்லாமல் தண்ணீரின் விசையால் அடிக்கும் வாட்டர் மோட்டார் காங் மூன்றாவது. சேலத்தில் ஜவுளிக் கடையோ மருத்துவமனையோ கட்டுகிறவர்கள் விலைப்புள்ளி வாங்கும்போது மூன்றையும் ஒரே வேலைக்கான மூன்று விலைகளாகப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுகிறார்கள். அந்தப் பார்வையே பிழையானது என்பது என் கருத்து. துடுப்பு எந்த மாடியில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லும். பிரஷர் சுவிட்ச் கட்டடத்தில் எங்கோ ஓடுகிறது என்று மட்டும் சொல்லும். காங், மின்சாரமும் அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலும் செத்துக் கிடக்கும் நேரத்திலும் சொல்லும்.

விதிகள் சாதனத்தின் பெயரைவிட அது செய்து காட்ட வேண்டிய காரியத்தையே முதலில் கேட்கின்றன. அமைப்பில் உள்ள மிகச் சிறிய துளை கொண்ட ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தாலும் அலாரம் ஒலித்தாக வேண்டும் என்பதுதான் எல்லாத் தரங்களுக்கும் பொதுவான அடிப்படை. நம் ஊரில் பரவலாகப் பொருத்தப்படும் கே 80 (எவ்வளவு நீர் வெளியேறும் என்பதைக் குறிக்கும் எண்) ஸ்பிரிங்க்ளரில் அரை பார் அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 57 லிட்டர் வெளியேறும். துடுப்பு வகைச் சுவிட்சுகள் வழக்கமாக நிமிடத்துக்கு 15 முதல் 38 லிட்டருக்குள் விழித்துக்கொள்ளும்படி செய்யப்படுவதற்கு இந்தக் கணக்கே காரணம். எவ்வளவு நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும் என்பதில் அமெரிக்கத் தரங்களே இரண்டு விதமாகப் பேசியிருக்கின்றன. அமெரிக்கத் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ) தரங்களில், குழாய் அமைப்புக்கான என்.எஃப்.பி.ஏ 13, தன் 2016 பதிப்பில், தண்ணீர் ஓடத் தொடங்கி 5 நிமிடத்துக்குள் கட்டட வளாகத்தில் ஓசை கேட்க வேண்டும் என்றது. அலாரம் அமைப்புக்கான என்.எஃப்.பி.ஏ 72 இதை 90 வினாடி என்று இறுக்கிப் பிடிக்கிறது. பேனலோடு இணைத்த சுவிட்சுக்கு இரண்டாவது எண்ணையே கொள்ள வேண்டும்.

துடுப்பு வகையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில்தான் நன்மையும் தொல்லையும் அதிகம். ரைசர் எனும் செங்குத்துக் குழாயிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் பிரியும் குழாயில் துளையிட்டு, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் துடுப்பைச் செருகி, வெளியே யூ போல்ட்டால் இறுக்குவார்கள். தண்ணீர் நகர்ந்தால் துடுப்பு சாயும், மின்தொடுப்பு மூடும், பேனலில் அந்த மாடியின் பெயர் எரியும். துளையை அளவு மாற்றிப் போட்டால் துடுப்பு ஓரத்தில் உரசி நிற்கும். துளையிட்டபோது வெட்டுப்பட்ட வட்டத் தகட்டை வெளியே எடுக்காமல் விட்டால் அது குழாயோடு பயணித்து வேறெங்கோ அடைத்துக்கொள்ளும். வளைவுகளை ஒட்டியும் வால்வை ஒட்டியும் வைத்தால் சுழலும் நீர் துடுப்பை வீணாக ஆட்டும் என்பதால், வளைவிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டரும் வால்விலிருந்து 60 சென்டிமீட்டரும் தள்ளி வைக்கும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். குழாய்கள் மேலேறும் இடநெருக்கடியான ஷாஃப்டுகளில் முதலில் பலியாவது இந்த இடைவெளிதான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: எப்போதும் நீர் நிரம்பிய குழாய் அமைப்பில் மட்டுமே துடுப்பை வைக்க என்.எஃப்.பி.ஏ 13 அனுமதிக்கிறது. காற்று நிரம்பிய உலர் குழாயிலோ, எல்லா ஸ்பிரிங்க்ளரும் திறந்தே இருக்கும் டெல்யூஜ் அமைப்பிலோ நீர் திடீரெனப் பாய்ந்து வரும்போது துடுப்பு பிய்ந்துபோய்க் குழாயையே அடைத்துவிடக்கூடும்.

துடுப்புச் சுவிட்சின் உள்ளே சிறு காற்றறையால் இயங்கும் தாமதத் திருகு ஒன்று இருக்கிறது. சுழி முதல் ஏறத்தாழ 90 வினாடி வரை அதைத் திருப்பி வைக்கலாம். பம்ப் ஓடும்போது குழாயில் எழும் சிறு அதிர்ச்சிகளை அலாரமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அது வைக்கப்பட்டது. விதி செத்துப்போகும் இடம் பெரும்பாலும் இந்தத் திருகுதான் என்று துணிந்து சொல்வேன். குழாயின் உச்சியில் காற்று சிக்கியிருந்தால், குழாயின் அழுத்தம் குறையாமல் காக்கும் சிறு ஜாக்கி பம்ப் அழுத்தத்தை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று சுருங்கும், சுருங்கிய இடத்தை நிரப்பத் தண்ணீர் மேலே நகரும், வழியில் உள்ள துடுப்பெல்லாம் சாயும். நள்ளிரவில் இரண்டு முறை அலாரம் அடித்தால் காவலாளி மேலாளரைக் கூப்பிடுவார், மேலாளர் சர்வீஸ்காரரைக் கூப்பிடுவார், சர்வீஸ்காரர் வந்து திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டுப் போவார். அலாரம் அடங்கிவிடும், கூடவே 90 வினாடி என்ற வரம்பும் போய்விடும், ஏனெனில் தாமதமே 90 வினாடியைத் தின்றபின் ஒலிப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதோ வேறு: குழாயின் உச்சியிலும் கடைசி முனையிலும் காற்றை வெளியேற்ற வழி வைப்பது, கசியும் ஒருவழி வால்வைச் சரிசெய்வது, ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுவதற்கான காரணத்தைத் தேடுவது. இவையெல்லாம் அரைநாள் வேலை. திருகைத் திருப்புவதோ ஒரு நிமிடம்.

பிரஷர் சுவிட்ச் இந்தத் தொல்லையிலிருந்து ஓரளவு தப்பித்துவிடுகிறது. அலாரம் வால்வின் மூடி தூக்கிக்கொள்ளும்போது, அதன் இருக்கையில் உள்ள பள்ளத்தின் வழியே கொஞ்சம் தண்ணீர் பக்கக் குழாய்க்குள் இறங்கி, தாமதக் கலம் எனும் சிறு தொட்டியை நிரப்பி, அதன் பிறகே சுவிட்சை அழுத்தும். கலம் நிரம்புவதற்கு ஆகும் நேரமே தாமதம். இங்கே திருகிவிட எதுவும் இல்லை. வால்வின் மூடியைச் சுற்றிச் செல்லும் சிறு பக்கவழி மேலே உயர்ந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், சின்ன அதிர்ச்சிகள் மூடியைத் தூக்குவதில்லை. உலர் குழாய் அமைப்பிலும் இது வேலை செய்யும். ஆனால் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஒரே அலாரம் வால்வு இருந்தால், பேனலில் ஒரே ஒரு விளக்குதான் எரியும். ஊழியர்கள் மாடி மாடியாக ஓடித் தேட வேண்டியிருக்கும்.

சேலத்துக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. காவிரித் தண்ணீர் குடிக்கப் போதுமானாலும், தீயணைப்புத் தொட்டியைப் பெரும்பாலானோர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்புகிறார்கள், அந்தத் தண்ணீரோ பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. தாமதக் கலத்துக்குள் தண்ணீர் நுழையும் சிறு துளையும், அதிலிருந்து வடியும் இன்னொரு சிறு துளையும் உப்புப் படிவத்துக்கு எளிதில் இரையாகின்றன. வடியும் துளை அடைபட்டால் ஒவ்வோர் அதிர்ச்சியிலும் சிந்திய தண்ணீர் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் காரணமின்றி அலாரம் அடிக்கும். அது தொந்தரவு மட்டுமே. நுழையும் துளை அடைபட்டால் நெருப்புப் பிடித்தாலும் அடிக்காது, அதை யாரும் சோதிக்காமல் கண்டுபிடிக்கவும் முடியாது. துடுப்புச் சுவிட்சுக்கு இத்தகைய நுண்துளை இல்லை என்பது உப்புத் தண்ணீர் ஊருக்கு அதன் பக்கம் நிற்கும் ஒரு வாதம்.

காங் மணியைப் பழங்காலப் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். பக்கக் குழாயில் வரும் தண்ணீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, சக்கரத்தின் தண்டில் உள்ள சுத்தி வெளிச்சுவரில் இருக்கும் மணியை அடிக்கும். தண்ணீர் ஓடும்வரை அது ஓயாது. கம்பி இல்லை, பேட்டரி இல்லை. அதன் குறைகளும் தெளிவானவை. வால்விலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர் குழாய் நீளத்துக்கும், 6 மீட்டர் உயரத்துக்கும் மேல் கொண்டு செல்லக்கூடாது என்பது அமெரிக்க வழிகாட்டல், ஏனெனில் அதற்கு அப்பால் விசை குறைந்துவிடும். வடிகட்டியில் அழுக்கு சேர்ந்தால் நின்றுவிடும். ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியில் உள்ள கடைக்கு வெளியே பகல் நேரத்தில் அது அடித்தால், பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே பக்கத்துக் கடைக்காரருக்கே கேட்குமா என்பது ஐயம்தான். யாராவது வெளியே இருந்து கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைத் தேவை.

விதித்தொகுப்புகள் இங்கேதான் பிரிகின்றன. அமெரிக்காவில் நீரோட்ட அலாரம் மின்சாரமாகவோ இயந்திரமாகவோ இருக்கலாம். 20-க்கு மேற்பட்ட ஸ்பிரிங்க்ளர் இருந்தால் உள்ளூர் அலாரம் ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் விதி. அங்கு பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, வெளிப்புறத்தில் ஓர் ஒலிக்கருவி இருக்க வேண்டும் என்றும், கட்டடத்தில் தீ அலாரம் அமைப்பு இருந்தால் ஸ்பிரிங்க்ளர் அதை இயக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆகவே அங்கே காங்குக்குப் பதிலாக மின்மணி வந்துவிட்டது. ஐரோப்பிய ஸ்பிரிங்க்ளர் தரமான இ.என் 12845 அப்படி விடுவதில்லை: கட்டுப்பாட்டு வால்வுத் தொகுதிக்கு வாட்டர் மோட்டார் மணியும் வேண்டும், தொலைவுக்கு அறிவிக்கும் மின்சாதனமும் வேண்டும். நம் நாட்டு ஸ்பிரிங்க்ளர் தரமான ஐ.எஸ். 15105 இந்த இரண்டாவது மரபை ஒட்டியது. பிரதான வால்வு, அலாரம் வால்வு, வாட்டர் மோட்டார் காங் மூன்றையும் ஒரு தொகுதியாகவே பார்க்கிறது. பேனல், கண்டறி கருவிகள் ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 2189 இருக்கிறது. இந்த விஷயத்தில் ஐரோப்பிய, இந்திய அணுகுமுறையே எனக்குச் சரியாகப் படுகிறது. அமெரிக்க முறை, பேட்டரி 24 மணி நேரம் காத்திருந்து அதன்பின் 5 நிமிடம் ஒலிக்கும் என்ற கணக்கையும், பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கையையும் ஆதாரமாகக் கொண்டது. வீங்கிப்போன பேட்டரியை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டும் கட்டடங்களில் அந்த நம்பிக்கை செல்லாது.

எந்தக் கட்டடம் எந்த வகையில் சேரும் என்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரையும் அதற்கு மேற்பட்டதையும் உயர்மாடிக் கட்டடம் என்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொதுவாக 18.30 மீட்டரைத் தாண்டியதையே அவ்வாறு வகைப்படுத்துகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கட்டும்போது, திட்ட அனுமதிக்கு ஒரு எண்ணையும் பாதுகாப்பு வடிவமைப்புக்கு மற்றொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனித் தேர்வுக்கு வருவோம். சேலத்தில் தரைத்தளமும் நான்கைந்து மாடிகளும் கொண்ட ஜவுளிக் கடைக்கு, மாடிக்கொரு துடுப்புச் சுவிட்சும் கீழே காங்கும் வேண்டும். தீபாவளிக்கு முன் வரும் கூட்டத்தில் மூன்றாம் மாடியா நான்காம் மாடியா என்று தெரியாமல் ஆட்களைப் படிக்கட்டில் இறக்கினால், நெருப்பு இருக்கும் மாடியை நோக்கியே கூட்டத்தைத் தள்ளிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே இடத்தைச் சொல்லும் சாதனத்துக்கு இங்கே மாற்று இல்லை. பிரஷர் சுவிட்சையும் சேர்த்தால் நல்லது, ஆனால் பணம் ஒரு கட்டுக்குள் இருக்கும்போது முதலில் விடவேண்டியது அதையே. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஒற்றைத்தளக் கிடங்குக்கும், அம்மாப்பேட்டையின் நூல் கிடங்குக்கும் நிலைமை நேரெதிர்: ஒரே கூரை, ஒரே பகுதி, இடத்தைத் தேட வேண்டியதில்லை. அங்கே அலாரம் வால்வும் பிரஷர் சுவிட்சும் காங்கும் போதும். இரவில் தெருவில் இருப்பவர்கள் காங் ஓசையைக் கேட்பார்கள்.

ஏற்காடு தனிக்கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர் இருந்தாலும் குழாயில் தண்ணீர் உறைவதில்லை என்பதால், உலர் குழாய் அமைப்பு தேவையில்லை. ஆகவே துடுப்புக்கும் தடையில்லை. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் குறைவு என்பது தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து உறிஞ்சும் பம்ப்பைப் பாதிக்குமே தவிர அலாரத்தைப் பாதிக்காது. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், இடியில் பேனல் கருகுவதும்தான் இங்கே கவலை. ஒரே கட்டடமாக நிற்கும் ஹோட்டலுக்கு, காங்கை நான் கட்டாயமாகவே கருதுகிறேன். சுற்றுப்புறம் அமைதியானது, ஓசையும் எட்டும். சரிவில் சிதறிக் கிடக்கும் காட்டேஜ்களுக்கோ அது உதவாது. மேலே தொட்டியருகே உள்ள வால்வு அறையின் சுவரில் அடிக்கும் மணி, கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவே இருக்கும் ஐந்தாவது காட்டேஜுக்குக் கேட்காது. அங்கே காட்டேஜுக்கொரு துடுப்புச் சுவிட்சும், அதே காட்டேஜுக்குள் ஒலிக்கும் மணியும் வைத்து, வரவேற்பறைப் பேனலுக்கு வரும் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுவந்து இரு முனைகளிலும் மின்னல் தடுப்பு பொருத்த வேண்டும்.

எதை வைத்தாலும் சோதனையின் இடைவெளி மாறுபடும். பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ 25, காங் போன்ற இயந்திர அலாரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், துடுப்பு, பிரஷர் வகைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது. சோதனை என்பது பேனலில் பொத்தானை அழுத்துவதன்று. கடைசி முனையில் உள்ள, ஒரு ஸ்பிரிங்க்ளரின் துளைக்கு நிகரான துளை கொண்ட சோதனை வால்வைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, ஓசை வரும்வரை காத்திருப்பது. அந்த வால்வின் வடிகுழாயைக் கழிவறைப் பக்கத்துக்கோ வெளிச்சுவருக்கோ கட்டுமானத்தின்போதே கொண்டுசெல்லாமல் விட்டால், புடவைகள் அடுக்கிய தளத்தில் பிற்காலத்தில் யாரும் அதைத் திறக்கத் துணியமாட்டார்கள். எனவே ஒப்பந்தத்தில் சுவிட்சின் பெயரை எழுதும் வரிக்கு அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு மாடியின் சோதனை வால்வுக்கும் வடிகால் எங்கே போகிறது என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.