கோணிப்பையில் கொடுத்தது எங்கள் காரின் பாகமே அல்ல

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய கார் உங்கள் வீட்டில் இருக்கிறதா? "கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரித்துத்தான் ஆக வேண்டும்" என்று எந்தப் பட்டறைக்காரராவது சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டிலிருந்து 1,28,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி அப்பா தன் வைப்புத்தொகையை முறித்துக் கொடுத்த பணம்.

வண்டி 2011 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதிக்க முடியாது என்பதற்காகவே தேடி வாங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில்தான் கோளாறு தொடங்கியது. காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி உடனே நகராது. இரண்டு மூன்று விநாடி சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு உதறலோடு பின்னால் போகும். கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து ஏறும்போது எஞ்சின் மட்டும் உறுமும், சுழற்சி காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டும், வேகம் கூடாது. சமதரைக்கு வந்ததும் சரியாகிவிடும். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் வழுக்கியது என்பதில்தான் விடை இருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

தென்சென்னையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயரை இப்போது எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார் ஃபோர்மேன். அந்தப் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் பசைபோல ஏதோ அப்பிக் கிடந்தது. "பாருங்கள் சார், உள்ளே கியரெல்லாம் அரைபட்டு மாவாகிவிட்டது. இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினால் நடுரோட்டில் நிற்கும்" என்றார். அப்பா அந்தப் பசையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு. அதைப் பிடிப்பதற்காகத்தான் அங்கே காந்தத்தையே வைத்திருக்கிறார்கள். கிளட்ச் தகடுகளும் பற்களும் பல ஆண்டுகள் உராய்ந்ததில் வரும் பொடி அது. விரலில் தேய்த்தால் கண்மைபோல இழையும், நெருடாது. பயப்பட வேண்டியது நெருடும்போதுதான்: ஊசிபோன்ற சிராய், பல்லின் உடைந்த துண்டு, பளபளக்கும் சில்லு. எங்கள் காந்தத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதோடு, போல்ட்டைக் கழற்றியதும் சட்டியில் விழுந்த எண்ணெய் எவ்வளவு குறைவு என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நோய் என்ன என்பது அந்த நிமிடமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை மறைத்துவிட்டுப் பசையைக் காட்டினார்கள்.

1,45,000 கேட்டு 1,28,000க்கு இறங்கினார்கள். 60,000 முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பினேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். "ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடும்" என்றார்கள். வேண்டாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை வருந்துகிறேன். கையில் கிடைத்தது கையால் எழுதிய ஒரு தாள் மட்டுமே.

வண்டி ஒன்பது நாள் அங்கே இருந்தது. ஐந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: மேசைமேல் பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ், கருகிய தகடுகள். ஒன்பதாம் நாள் வண்டியை எடுக்கப் போனபோது ஒரு சின்னக் கோணிப்பையைக் கொடுத்து, "கழற்றிய பழைய சாமான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஆட்களா என்று மனம் நெகிழ்ந்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வண்டியும் வெண்ணெய்போல ஓடியது.

ஐந்து வாரம்தான். மறுபடி அதே ரிவர்ஸ் தாமதம், மேம்பாலத்தில் அதே உறுமல். திரும்பப் போனேன். "இது வேறு கோளாறு சார், டார்க் கன்வர்ட்டர் போயிருக்கிறது. 38,000 ஆகும்" என்றார் உரிமையாளர். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, கன்வர்ட்டருக்கு உத்தரவாதம் சொல்லவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ஒரு பைசாவும் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

மறுநாள் கோணிப்பையை எடுத்துக்கொண்டு, பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக கியர்பாக்ஸ் சாமான்களோடு வாழும் ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். எல்லாருக்கும் அவர் பாய். பையைக் கீழே கொட்டினேன். முதலில் உருண்டு வந்ததை எடுத்துத் துணியால் துடைத்தார். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் நான்கு சின்னச் சக்கரங்கள். கட்டைவிரலால் ஒன்றைத் தள்ளினால் மற்றவையும் சேர்ந்து சுழன்றன. "எந்த வண்டி தம்பி?" என்றார். சொன்னேன். சக்கரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "ஹோண்டாவில் பிளானட்டரி ஏது? உன் வண்டியை அவர்கள் திறக்கவே இல்லை."

அவர் சொன்னதை அதன்பிறகு படித்தும் உறுதிசெய்துகொண்டேன். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகளில், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றும் பிளானட்டரி அமைப்புதான் இருக்கும். ஹோண்டா வெகுகாலம் அந்த வழியில் போகவில்லை. எங்கள் வண்டியில் இருக்கும் ஐந்து கியர் பெட்டியில், மானுவல் வண்டிகளைப்போலவே இணையான தண்டுகள். அவற்றின் சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடி இருக்கும். எந்தக் கியர் வேண்டுமோ அதற்குரிய கிளட்சை எண்ணெய் அழுத்தம் இறுக்கிப் பிடிக்கும். பையில் உராய்வுப் பூச்சுப் பூசிய இரும்புப் பட்டை ஒன்றும் இருந்தது. அதற்கும் அந்தப் பெட்டிக்குள் வேலை இல்லை. வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். மேசைமேல் இருந்த பெட்டியின் அருகே, சுற்றிலும் போல்ட் துளைகளோடு தகரத்தில் அடித்த எண்ணெய்த் தட்டு கிடந்தது. எங்கள் கியர்பாக்ஸின் அடியில் கழற்றக்கூடிய தட்டே கிடையாது. யாருடைய வண்டியையோ படம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பாயோடு சேர்ந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தோம். கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகளின் தலையில் பன்னிரண்டு வருடப் புழுதி, சுரண்டாமல், ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் அப்படியே படிந்திருந்தது. அந்தப் போல்ட்டுகளைக் கழற்றாமல் கியர்பாக்ஸை இறக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்தேன்.

அப்படியானால் உண்மையான கோளாறு என்ன? அன்றிரவு டாஷ்போர்டு பெட்டியில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திறக்காமல் கிடந்த வாகனக் கையேட்டை எடுத்தேன். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்கும் முறை அதில் தெளிவாக இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டர் மின்விசிறி சுழலும்வரை எஞ்சினைச் சூடாக்கி, பிறகு அணைக்க வேண்டும். அணைத்த 60 விநாடிக்குப் பின், 90 விநாடிக்குள் அளவுக்குச்சியை எடுத்துத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். வேறு பல நிறுவனங்களின் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்கச் சொல்வார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன முறையை நம்பாதீர்கள், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதை மட்டும் நம்புங்கள். நான் குச்சியை எடுத்தேன். நுனியில் ஈரமே இல்லை.

எண்ணெய் குறைந்தால் உள்ளே இருக்கும் பம்பு காற்றைச் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். வளைவிலும் ஏற்றத்திலும் இருக்கிற கொஞ்சம் எண்ணெயும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதால் அங்கே மட்டும் வழுக்கும். மேம்பாலத்து உறுமலுக்குக் காரணம் அதுதான். எண்ணெய் போன இடமும் கிடைத்தது. கியர்பாக்ஸிலிருந்து எண்ணெயைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் முனையில், தோசைக்கல்லின் அடியில் கரி ஏறியதுபோல எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் திரண்டிருந்தன. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் அமுங்கவில்லை. காய்ந்து இறுகி, கிளாம்புக்குக் கீழே மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. ஓடும்போது மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அடித்தட்டில் படிந்து, வீட்டுத் தரையில் கறை தெரியாமல் போயிருக்கிறது. பட்டறையில் எண்ணெயை நிரப்பி அனுப்பினார்கள். ஐந்து வாரத்தில் அதுவும் கசிந்து முடிந்தது. 1,28,000 ரூபாய்க்கு நடந்த வேலை அவ்வளவுதான்.

மீதியை நானே செய்தேன். இரண்டு ஹோஸ், நான்கு கிளாம்ப். அவர்கள் ஊற்றியது எந்த எண்ணெய் என்று தெரியாததால் அதையும் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. இந்தப் பெட்டிக்கு உரியது ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 எண்ணெய். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் வரும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் முதலில் குச்சியின் மேல்கோடுவரை நிரப்பி, சில நாள் ஓட்டி, வடித்து, வடிந்ததை அளந்து அதே அளவு புதியது ஊற்றினேன். இப்படி மூன்று முறை. வடிகால் போல்ட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தலை இருக்காது, 3/8 அங்குலச் சதுரத் துளை இருக்கும். ராட்செட்டின் முனையே அதில் உட்காரும். ஒவ்வொரு முறையும் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினியப் பெட்டி என்பதால் வெறிகொண்டு முறுக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்கவே படுக்காதீர்கள், கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். சூடான எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். செலவு மொத்தம் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. ஏழு மாதமாகிறது, குச்சியில் அளவு இறங்கவில்லை, ரிவர்ஸ் உடனே விழுகிறது.

எல்லாக் கோளாறும் இப்படித் தீரும் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், காந்தத்தில் சில்லு இருந்தால், உள்ளே உண்மையாகவே கிளட்ச் எரிந்திருக்கலாம். அதை வீட்டு வாசலில் சரிசெய்ய முடியாது, நேர்மையான கைக்குத்தான் போக வேண்டும். 2014இல் வந்த ஆட்டோமேட்டிக் சிட்டியில் இருப்பது சிவிடி, பெல்ட்டில் ஓடும் வேறு வகைப் பெட்டி. அதற்கு எண்ணெயே வேறு, நான் ஊற்றியதை அதில் ஊற்றிவிடாதீர்கள். ஆனால் பட்டறைக்குப் போகுமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். உங்கள் கியர்பாக்ஸுக்குள் என்ன வகை அமைப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். முக்கியமான போல்ட்டுகளின் தலையில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பெட்டியை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், படம் போதாது. ஜி.எஸ்.டி. பில்லை விடாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பாதிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள், எனக்கு அங்கேதான் வழி சொன்னார்கள். பில் இல்லாத குறையை வங்கிப் பரிமாற்றமும், வாட்ஸ்அப் படமும், அந்தக் கையெழுத்துத் தாளும் ஓரளவு ஈடுகட்டுகின்றன.

கோணிப்பை இப்போதும் வண்டியின் டிக்கியில் இருக்கிறது, விசாரணையன்று கொண்டுபோவதற்காக. ஆனால் அந்தப் பிளானட்டரி சக்கரம் யாரோ ஒருவருடைய காரிலிருந்து வந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதருக்கு எந்த வண்டியின் சாமானைப் பையில் போட்டுக் கொடுத்தார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். தென்சென்னையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்த்து, இதுபோல ஒரு பையை வாங்கிவந்து பரணில் போட்டவர்கள் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை கீழே கொட்டி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.