என்ஜின் வேலை முடிந்தும் தண்ணீர் குறைந்தால், ஹெட்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்களுடையது நாமக்கல் பெங்களூரு லைனில் ஓடும் பத்துச் சக்கர லாரி, ஆறு சிலிண்டர் டீசல். லைனர் (பிஸ்டன் ஓடும் குழாய்), பிஸ்டன் மாற்றி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு பேஸிங் போட்டு (அடிப்பரப்பைச் சமமாக்கி), இடையில் வைக்கும் புது கேஸ்கெட்டோடு ஏற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) அளவு அசையாமல் நிற்கிறது. ஆனால் முதல் சில மாதங்கள் அப்படி இல்லை. ஒரு கசிவை அடைத்தால் இன்னொன்று தலைகாட்டும், ஒவ்வொரு முறையும் "ஹெட் கேஸ்கெட் போச்சு, திரும்பக் கழற்றணும்" என்றுதான் யாராவது சொல்வார்கள். ஒரு முறைகூட அது கேஸ்கெட் இல்லை.

வேலை முடிந்து புதிதாக நிரப்பியதும் அளவு இறங்கினால் அதை உடனே கசிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளாக்குக்குள் காற்று அடைந்திருக்கும். சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு 80 டிகிரியைத் தாண்டித் திறந்த பிறகுதான் அது வெளியேறும், அந்த இடத்துக்குத் தண்ணீர் இறங்கும். மெதுவாக ஊற்றி, காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் திறந்துவிட்டு, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். சில லோடு ஓடிய பிறகும் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அப்புறம் தேடலாம்.

தேடுவதற்கு நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்டது கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் பிரஷர் வரை மட்டும் ஏற்றுங்கள், சில வண்டியில் 0.7 பார், சிலவற்றில் 1 பார். ஏற்றிவிட்டு 15, 20 நிமிடம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இதை ஆறிய என்ஜினில்தான் செய்ய வேண்டும். சூட்டில் சின்னக் கசிவு கீழே விழும் முன்பே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கறை மட்டும்தான் மிஞ்சும். சூட்டில் மூடியைத் திறப்பது ஆபத்தும்கூட. மூடியையும் அதே டெஸ்டரில் மாட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்த மூடி தண்ணீரை அது பாட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

எனக்கு முதலில் கிடைத்தது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். ஓசூர் பக்கம் குளிரில் நிறுத்தினால் காலையில் கீழே ஈரம், வண்டி சூடானதும் நின்றுவிடும். குளிரில் ரப்பர் சுருங்கி, கிளிப்பின் பிடி தளர்ந்ததுதான் காரணம். பைப்பின் வாயில் இருந்த துருவை எமரி பேப்பரால் தேய்த்து, புது ஹோஸ் போட்டு, ஸ்பிரிங் வைத்த கிளிப் மாட்டிய பிறகு அங்கே பிரச்சினை இல்லை. அடுத்தது வாட்டர் பாடி, அதாவது வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதிலிருந்து தொடர்ந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும்.

இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் பெரிய தலைவலி. தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறினால் டேங்க் பொங்கி வழியும், மூடியைக் கழற்றி ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கொப்புளம் கொப்புளமாகக் காற்று. பார்த்த எல்லோரும் ஹெட் என்றார்கள். எங்கள் வண்டியில் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரஸரின் ஹெட்டையும் என்ஜின் கூலன்ட்தான் குளிர்விக்கிறது. அந்தச் சின்ன ஹெட்டின் பேக்கிங் போனாலும் காற்று நேராகக் கூலன்ட்டுக்குள் வரும், பார்வைக்கு என்ஜின் ஹெட் போன மாதிரியே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஏர் கேஜைப் பார்த்துக்கொண்டே நின்றால் போதும். காற்று ஏறும் வரை கொப்புளம் வந்து, சுமார் 8 பாரில் "புஸ்" என்று கம்ப்ரஸர் லோடு விட்டதும் (காற்று அடைப்பதை நிறுத்தியதும்) கொப்புளம் அடங்கினால் குற்றவாளி கம்ப்ரஸர். என்ஜின் ஹெட் கேஸ்கெட் என்றால் ஏர் கேஜ் எங்கே நின்றாலும் கொப்புளம் வரும். உறுதிப்படுத்த இன்னொரு வழி, புகை வாயு பட்டால் நிறம் மாறும் நீலத் திரவ டெஸ்டர். எங்களுக்கு அது நீலமாகவே இருந்தது. கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றிப் புது பேக்கிங் போட்டோம், பொங்குவது அன்றோடு நின்றது. ஏர் டேங்கில் தண்ணீர் திறந்துவிடும்போது கூலன்ட் நிறம் தெரிந்தாலும் இதே சந்தேகம்தான்.

உண்மையிலேயே உள்கசிவு என்றால் அடையாளம் வேறு. வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், தண்ணீர் ஆயிலுக்கு அடியில் நிற்பதால் முதலில் அதுதான் வரும். வந்தால் சம்ப்பை இறக்கி, மேலே டெஸ்டரில் பிரஷர் ஏற்றி, கீழிருந்து டார்ச் அடித்து எந்த லைனர் அடியில் சொட்டுகிறது என்று பாருங்கள், லைனரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் மடங்கியிருந்தால் அங்கேயே தெரியும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளில் ஈஜிஆர் கூலர் (என்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விப்பது) இருந்தால், வெள்ளைப் புகையோடு தண்ணீர் காணாமல் போகும்போது ஹெட்டுக்கு முன்னால் அதைச் சோதியுங்கள்.

கசிவை நிறுத்த மஞ்சள்தூள் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது ரேடியேட்டர் குழாயை அடைத்து, சரியாக இருக்கும் என்ஜினையும் சூடேற்றும். போர் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. லைனர் அதிர்வில் உண்டாகும் நுண்குமிழி வெளிப்பக்கத்தைக் கொத்திக் கொத்தி ஊசித் துளை போடுவதைத் தடுப்பது டீசல் கூலன்ட்டில் இருக்கும் மருந்துதான், வெறும் தண்ணீரில் அது கிடையாது.

அடுத்த முறை என்ஜின் வேலை கொடுப்பவர்கள் பட்டறையில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்டை இறுக்கும் முன் லைனர் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜில் அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு உங்கள் கண்முன்னால் ஒப்பிட வேண்டும். ஹெட் ஏறியதும், சம்ப்பை மாட்டாமலே தண்ணீர் ஊற்றிப் பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.