12 போர் டபுள் பேரல் துப்பாக்கிக்கு ஏபிஎஸ் பெட்டி: நீலகிரி ரோட்டுக்குச் சரிப்படுமா?

நீலகிரி எஸ்டேட்காரர்கள் பலர் துப்பாக்கியைக் கொண்டுபோக இன்னும் பழைய கேன்வாஸ் உறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பிடிக்க வந்திருப்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த கெட்டிப் பெட்டி. துப்பாக்கியைப் பிரித்து வைக்கும் வகை, உள்நீளம் 32 அங்குலம்.

டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி, மூன்று துண்டாகப் பிரியும்: குழல், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை, பின்கட்டை. முதலில் தோட்டா போடும் இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிவிடுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றி, லிவரைத் தள்ளிக் குழலை மடக்கி, கொக்கியிலிருந்து மேலே தூக்கினால் தனியாக வந்துவிடும். முன்கட்டையைத் தொலைக்காமல் இருக்க அதற்கென்று ஒரு குழி உண்டு. இது நல்ல ஏற்பாடு. 30 அங்குலக் குழல் தாராளமாகப் படுக்கும். 32 அங்குலக் குழல் போகாது. சாய்த்து வைத்து மூடினால் குழல்வாய் மூடியில் இடிக்கும்.

கூடவே வரும் நம்பர் பூட்டு பேருக்குத்தான். பெட்டியில் இரண்டு காது இருக்கிறது, இரண்டுக்கும் சாவிப்பூட்டு தனியாக வாங்கிப் போடுங்கள். ஓட்டை சிறியது என்பதால் மெல்லிய வளையம் உள்ள பூட்டுதான் நுழையும். பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம்.

2016 ஆயுத விதிகள் பொது இடத்தில் நீளத் துப்பாக்கியைக் கொண்டுபோவதற்கு மூன்று விஷயம் கேட்கின்றன: அதற்கென்று செய்த உறை, முழுக்க மூடியிருத்தல், கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருத்தல். முதல் இரண்டையும் இந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். மூன்றாவது உங்கள் பொறுப்பு. பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு பர்லியாரில் டீ குடிக்க இறங்கினால், எத்தனை பூட்டு தொங்கினாலும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

பெட்டியின் பெரிய குறை உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பான்ஜ். மேட்டுப்பாளையத்தில் திறந்து மூடும்போது சமவெளியின் சூடான, ஈரமான காற்று உள்ளே அடைபடுகிறது. ஊட்டிக்கு ஏறினால் 2,200 மீட்டருக்கு மேல் குளிர். குழல் சில்லிட்டதும் அந்த ஈரம் இரும்பின்மேல் வியர்த்து நிற்கும், ஸ்பான்ஜ் அதைக் குடித்துவிட்டுக் குழலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பூசிய எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிவிடும். நான்கைந்து நாள் திறக்காமல் விட்டால் ஸ்பான்ஜின் மேடுபள்ளம் அப்படியே துருப்புள்ளிகளாகக் குழலில் பதிந்திருக்கும். வீடு சேர்ந்த அன்றே துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, பாதுகாப்புப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். காலிப் பெட்டியை அடுப்பு இருக்கும் அறையில் திறந்து காயவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பயணத்துக்கு உதவும், துப்பாக்கியைப் பெட்டியிலேயே குடிவைக்க உதவாது. கேன்வாஸ் உறையிலும் இதே தொல்லைதான். ஆனால் அது கொஞ்சம் மூச்சுவிடும், இது விடாது.

மூடியின் உட்புறத்தில் தோட்டாவுக்கு ஒரு வலைப்பை தைத்திருக்கிறார்கள். ஏன் தைத்தார்கள் என்று புரியவில்லை. தோட்டாவைத் தனியாகப் பூட்டிய சிறு டப்பாவில் வையுங்கள். எண்ணிக்கை லைசென்ஸில் ஒரே நேரத்தில் வைத்திருக்க அனுமதித்த அளவைத் தாண்டக்கூடாது. வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால் இரண்டு தோட்டாவும் ஒரே டப்பாவில் சேரவே கூடாது: போர் எண் கூடினால் தோட்டா ஒல்லியாகும், அதனால் 20 போர் தோட்டா 12 போர் அறையில் வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும், அறை காலியாகத் தெரியும், பின்னாலேயே 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். ஈரத்தில் அடிப்பித்தளை பச்சை பிடித்த தோட்டா, உப்பிய காகிதத் தோட்டா இரண்டையும் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

லைசென்ஸ் புத்தகம் அசலாகக் கையில் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. டிரைவரிடம் கொடுத்து அனுப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது: ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளர் பயன்படுத்தவோ என்றால், உரிமையாளர் கூட இருக்க வேண்டும் அல்லது எழுத்துமூலமாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். "டிரைவர் கொண்டு வர்றார்" என்ற போன் எழுத்தாகாது. கடிதத்தில் துப்பாக்கி எண், லைசென்ஸ் எண், எங்கே, எதற்கு, எந்தத் தேதி எல்லாம் இருக்கட்டும்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதவாத இடம் முதுமலை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. பிரித்துப் பூட்டிய துப்பாக்கியும் ஆயுதம்தான், துப்பாக்கி இல்லாத வெறும் தோட்டாவும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். எனவே தெப்பக்காடு, கக்கநல்லா வழியாக மைசூருக்குப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் பந்திப்பூர் வேறு. திம்பம் வழியாகத் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அங்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் நிற்கிறது. சேலம், ஓசூர் என்று சுற்றுவதுதான் வழி, அதுவும் லைசென்ஸ் கர்நாடகத்துக்கும் செல்லுபடியானால். கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கும் இது பொருந்தும்: அங்கே 2013 முதல் சரணாலயம் இருக்கிறது. மசினகுடி போல சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் 34ஆம் பிரிவுப்படி வனத்துறையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பழைய லைசென்ஸ் என்றால் அந்தப் பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோவையிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு கேன்வாஸ் உறை ஆகாது, இந்தப் பெட்டி ஆகும். டிக்கெட் எடுத்ததுமே விமான நிறுவனத்திடம் சொல்லி, கவுன்டரில் அறிவித்து, துப்பாக்கி காலி என்று எழுதிக் கொடுத்து, செக்-இன் சாமானாகத்தான் போட வேண்டும். தோட்டா பேக்கிங்கோடு சேர்த்து ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நிறுவனத்தின் சொந்த வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

.315 ரைஃபிள் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அது டபுள் பேரல்போல மூன்றாகப் பிரியாது, முழுநீளப் பெட்டிதான் வேண்டும்.