செஸ்ல சிசிலியன் டிஃபென்ஸ்னு கருப்பு ஆடுற ஒரு ஓப்பனிங் இருக்கு, அதுல ரெண்டு வகை: நஜ்டார்ஃபா டிராகனா, எப்படி கண்டுபிடிக்கிறது?
சிசிலியன்ல வெள்ளை குதிரை சி3 கட்டத்துக்கு வர்ற வரைக்கும் ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், கருப்போட அஞ்சாவது மூவ்லதான் பிரியும். ஏ6னு ஓரத்து சிப்பாய ஒரு கட்டம் தள்ளுனா நஜ்டார்ஃப், பி5க்கு குதிரையோ பிஷப்போ வந்து தொல்லை பண்ணக்கூடாதுல்ல, அதுக்கு. அப்புறம் இ சிப்பாய இ5 தள்ளலாம், இ6னு அடக்கியும் வாசிக்கலாம்.

ஏ6க்கு பதிலா ஜி சிப்பாய் ஜி6 வந்தா டிராகன். பிஷப் ஜி7ல உக்காந்து மூலைக்கு மூலை போற நீள டயகனல் முழுக்க குறி வைக்கும், வெள்ளை எஃப்3, ராணி டி2, ராணி பக்கம் காஸ்லிங்னு (ராஜாவும் யானையும் ஒரே மூவ்ல இடம் மாறுறது) போட்டுட்டு எச் சிப்பாய விரட்டிட்டு வருவாங்க, கருப்பு சி லைன்ல யானையவே குடுத்து சி3 குதிரைய வெட்டும், யார் முந்துறாங்களோ அவங்க கேம். 1995 நியூயார்க்ல காஸ்பரோவ் இத எடுத்துதான் நம்ம ஆனந்த ரெண்டு கேம் அடிச்சாரு (இன்னும் வயிறு எரியுது). பிளிட்ஸ்னா (சில நிமிஷத்துல முடியுற வேக செஸ்) எனக்கு டிராகன்தான், நிதானமா ஆடணும்னா நஜ்டார்ஃப்.